ஏற்காட்டு ஆரஞ்சுக்கு யார் வைத்த பெயர்?

கேள்வி: எங்களுக்கு நாகலூர்ப் பக்கம் சிறிய காபித் தோட்டம். காபிச் செடிகளுக்கு நடுவே ஆரஞ்சு மரங்கள், சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ‘ஆரஞ்சு’ என்ற ஆங்கிலச் சொல்லே தமிழ்ச் சொல்தான் என்று பள்ளியில் கொடுத்த கட்டுரைக்கு எழுதி வைத்திருக்கிறான். நம் ‘நாரங்காய்’ இங்கிலாந்துக்குப் போய், ‘எ நாரஞ்ச்’ என்று சொல்லிச் சொல்லி ‘அன் ஆரஞ்ச்’ ஆகிவிட்டதாம். தோட்டம் பார்க்க வந்த ஒருவர், அதெல்லாம் இல்லை, அது சமஸ்கிருதச் சொல், ‘நாகரங்கம்’ என்றால் யானை அளவுக்கு மீறித் தின்று செத்த பழம் என்று பொருள் என்றார். இரண்டில் எது சரி? தமிழ்தான் என்றால் நாம் ஏன் ‘ஆரஞ்சு’ என்கிறோம்? பழமும் நம்முடையதுதானா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் மகன் சென்று சேர்ந்த இடம் பெரும்பாலும் சரி. போன வழி தவறு. விருந்தாளி சொன்ன சொல் உண்மையான சொல். அதற்கு அவர் சொன்ன கதை பிற்காலக் கற்பனை. இப்படிப் பாதிப் பாதியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிடுவோம். சொல்லாராய்ச்சியில் முடிவைவிட வழிதான் முக்கியம். வழி தவறினால், சரியான முடிவுகூட அதிர்ஷ்டத்தில் கிடைத்ததாகிவிடும். அடுத்த சொல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

பின்னாலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் பழத்தின் பெயராக எழுத்தில் வருகிறது. பழம் அதற்கு முன்பே இங்கிலாந்துக் கரையைத் தொட்டுவிட்டது. 1290இல் ஸ்பெயின் நாட்டுக் கப்பல் ஒன்று போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வந்தபோது, முதலாம் எட்வர்ட் மன்னரின் மனைவி, காஸ்டில் நாட்டில் பிறந்த எலினோர் அரசி, அத்திப்பழம், உலர்திராட்சை, மாதுளை இவற்றோடு 7 ஆரஞ்சுகளும் வாங்கியதாக அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. ஏழே ஏழு! பிறந்த வீட்டு ருசி அந்த அம்மாளை விடவில்லை போலிருக்கிறது. அந்தக் கணக்கில் பழத்தின் பெயர் ‘ஒரென்ஜ்’ என்ற சாயலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது பழைய பிரெஞ்சு வடிவம். பிரெஞ்சுக்கு அது இத்தாலியப் பக்கமிருந்து வந்தது; இத்தாலியில் ‘அரான்ச்சா’. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கொடுத்தவர்கள் அரபிகள். அவர்கள் வாயில் ‘நாரஞ்ச்’. அரபிக்கு முன் பாரசீகத்தில் ‘நாரங்க்’. பாரசீகத்துக்கு முன் சமஸ்கிருதத்தில் ‘நாரங்கம்’. இதுவரை உள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் எழுத்துச் சான்று உண்டு. எந்த நல்ல அகராதியும் இதில் சண்டை போடுவதில்லை.

இனி அந்தக் காணாமல் போன ‘ந’. உங்கள் மகன் கேட்ட விளக்கம் உலகம் முழுக்கச் சொல்லப்படுவது, அவனைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அப்படி ‘ந’ ஒட்டிக்கொள்வதும் உதிர்வதும் உண்மையிலேயே நடந்திருக்கிறது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ முன்பு ‘நாப்ரன்’. ‘ஆடர்’ என்ற பாம்பு பழைய ஆங்கிலத்தில் ‘நாட்ரே’. ‘எ’ என்பதற்குப் பின்னால் வந்த ‘ந’வை முன்சொல்லோடு சேர்த்துக் கேட்டதால் வந்த விளைவு. ஆனால் ஆரஞ்சு விஷயத்தில் ஆங்கிலேயர்கள் அந்த ‘ந’வைப் பார்த்ததே இல்லை. அது இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டும் முன்பே தெற்கு ஐரோப்பாவில் உதிர்ந்துவிட்டது. இத்தாலியனில் ‘உனா நரான்ச்சா’ என்று சொல்லும்போது இரண்டு ‘ந’ ஒலிகள் அடுத்தடுத்து வருகின்றன. அதில் ஒன்று ‘உன்’ பக்கம் சாய்ந்துவிட்டது. பிரான்சில் அதற்கு இன்னொரு உதவியும் கிடைத்தது. பிரெஞ்சில் ‘ஓர்’ என்றால் தங்கம். தங்க நிறப் பழத்தின் பெயர் தங்கத்தில் தொடங்குவது கேட்பவர் காதுக்கு இயல்பாகப் பட்டது. ‘அ’ ‘ஒ’ ஆனது. கட்டுரையில் இந்த ஒரு பத்தியை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள்: நடந்தது அதே வகை மாற்றம்தான், நடந்த இடம் மட்டும் வேறு.

‘ந’ எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கிவிடும். ஸ்பானிஷில் இன்றும் ‘நரான்ஹா’. ஹங்கேரியில் ‘நராஞ்ச்’. கிரேக்கத்தில் புளிப்பு வகைக்கு ‘நெரான்ட்சி’. போர்ச்சுகீசியர் ‘ந’வை ‘ல’வாக்கி ‘லராஞ்ஜா’ என்கிறார்கள். ஒரே பழத்தின் பெயர் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு தேய்மானம் அடைந்திருக்கிறது.

இப்படித் தேய்வது நம்ப முடியாததாகத் தோன்றினால் உங்கள் மலையின் பெயரையே பாருங்கள். சேர்வராயன் மலை ஆங்கிலத்தில் ‘ஷெவராய் ஹில்ஸ்’ ஆனது. நடுவில் இருந்த ‘ர்’ போயிற்று, கடைசி ‘அன்’ போயிற்று, ‘சே’ என்பது ‘ஷெ’ ஆயிற்று. கோயிலில் சாமி சேர்வராயனாகவே இருக்கிறார். அரசாங்கப் பதிவேடும் வரைபடமும் மட்டும் ஷெவராய் என்கின்றன. ஏற்காடு ‘யெர்காட்’ ஆனதிலோ நம் வாய்க்கும் பங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் ‘ஏ’ வந்தால் பேச்சில் லேசாக ஒரு ‘ய’ ஒட்டிக்கொள்கிறது. நாம் கவனிப்பதில்லை, வெள்ளைக்காரன் காதில் அது விழுந்தது, எழுதிவிட்டான். இருநூறு ஆண்டுகளுக்குள், இரண்டே மொழிகளுக்கு நடுவில் இவ்வளவு நடந்திருக்கிறது. நாரங்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேல், ஐந்தாறு மொழிகளைத் தாண்டிப் போன சொல்.

சிலர் இதைத் தலைகீழாகவும் சொல்வார்கள்: லத்தீனில் தங்கத்தைக் குறிக்கும் ‘ஆரும்’ என்ற சொல்லிலிருந்து ‘ஆரான்டியும்’, அதிலிருந்து ஆரஞ்சு என்று. 1753இல் லின்னேயஸ் புளிப்பு ஆரஞ்சுக்கு வைத்த தாவரப் பெயரில் ‘ஆரான்டியும்’ இருப்பதால் இது படித்தவர்களையும் ஏமாற்றிவிடுகிறது. உண்மையில் அந்த லத்தீன் வடிவம், வந்து சேர்ந்த இந்தியச் சொல்லுக்கு ஐரோப்பியப் பண்டிதர்கள் பின்னால் போட்டுப் பார்த்த தங்க முலாம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியே, பார்க்கச் சரியாகத் தோன்றும் தவறான வேர்ச்சொல் விளக்கத்துக்கு இதை உதாரணமாகக் காட்டியிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு மொழிகளை அறிந்தவர். இந்திய ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதும் யாரும் இன்றும் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறோம்.

அரபிகள் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. அல் மஸ்ஊதி, பாக்தாதில் பிறந்து 10ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றியவர், இந்தியாவின் மேற்குக் கரைக்கும் வந்தவர். ஹிஜ்ரி 300க்குப் பிறகு, அதாவது நம் கணக்கில் சுமார் 912க்குப் பிறகு, நாரஞ்ச் மரம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது என்றும், அங்கிருந்து பஸ்ரா, ஈராக், சிரியா என்று பரவியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. இந்தியாவில் அதற்கு இருந்த நறுமணமும் நிறமும் அங்கே போனபின் இல்லாமல் போயின, அந்த மண்ணும் காற்றும் நீரும் கிடைக்காததால்தான் அப்படி ஆயிற்று என்றும் சொல்கிறார். தோட்டக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, மஸ்ஊதி முதலில் குறித்தது வாசனையை. இனிப்பைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஏன் என்றால் அந்தப் பழம் இனிப்பே அல்ல. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ‘நாரஞ்ச்’ என்று அரபிகள் கொண்டுபோனது புளிப்பும் கசப்புமான வகை. உரித்துத் தின்னும் பழம் இல்லை அது. அதன் தோல், பூ, இலை, சாறு இவற்றுக்காகத்தான் வளர்த்தார்கள். ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துப் பெரிய மசூதியின் முற்றத்துக்கு இன்றும் நாரஞ்சு முற்றம் என்றுதான் பெயர். ஆங்கிலேயர்கள் காலையில் ரொட்டிக்குத் தடவும் மார்மலேடு, செவில் நகரப் பெயர் கொண்ட அந்தக் கசப்பு வகையின் தோலில் செய்வது.

இதைப் படிக்கும்போது உங்கள் அடுக்களையில் எந்தக் காய் ஞாபகத்துக்கு வருகிறது? நார்த்தங்காய்தானே. அதையும் யாரும் உரித்துச் சுளை தின்பதில்லை. காயைச் சுருளாக, அடிவரை அறுந்துபோகாமல் நறுக்கி, வளையங்களுக்கு இடையில் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் போடுகிறோம். தண்ணீர் விட்டுக்கொண்டதும் பகலெல்லாம் வெயிலில் வைத்து, இரவில் மறுபடியும் அதே உப்புநீரில் இறக்கி, அது முழுவதும் காயில் ஏறித் தோல் கறுத்துச் சுருங்கும்வரை காய வைக்கிறோம். காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடப்பவனுக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு போதும். இலையையும் விடுவதில்லை. நடு நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, எலுமிச்சை இலை, மிளகாய், ஓமம், பெருங்காயம், புளி, உப்பு சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. பெயரில் வேப்பிலை, உள்ளே ஒரு வேப்பிலைகூட இருக்காது. சொல்லும் பொருளும் எப்படி விலகிப் போகும் என்பதற்கு நம் வீட்டிலேயே ஒரு சான்று. ஆக, தோலுக்கும் இலைக்கும் வாசனைக்கும் என்று ஒரு புளிப்பு மரத்தை வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் வேரூன்றிய பழக்கம். மேற்கே போனது அந்த வகை மரம், அந்த வகைப் பழக்கம், கூடவே அந்தப் பெயர்.

இனிப்பு வகை ஐரோப்பாவுக்கு மிகவும் பின்னால், 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பரப்பியதில் போர்ச்சுகீசியருக்குப் பெரிய பங்கு. அதனால்தான் அரபியில் இனிப்பு ஆரஞ்சுக்கு ‘புர்துகால்’ என்றே பெயர்; துருக்கியில் ‘போர்த்தகால்’, கிரேக்கத்தில் ‘போர்த்தகாலி’. எல்லாம் போர்ச்சுகல்தான்! வடக்கே ரஷ்யரும் சுவீடன்காரரும் அதை ‘அபெல்சின்’ என்கிறார்கள், சீன ஆப்பிள் என்ற பொருளில். யாரிடமிருந்து வாங்கினோமோ அவர்கள் பெயரைப் பழத்துக்கு வைத்துவிடுவது வணிகத்தின் வழக்கம். ஆங்கிலம், ஸ்பானிஷ் போன்ற மொழிகளோ புளிப்பு வகையின் பழைய பெயரையே இனிப்பு வகைக்கும் நீட்டிக்கொண்டன. நாரங்கம் என்ற சொல் அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

இப்போது நீங்கள் கேட்ட நேரடிக் கேள்விக்கு வருகிறேன். சமஸ்கிருதத்தில் ‘நாரங்கம்’ இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? வேதங்களில் இந்தச் சொல் இல்லை. பின்வந்த நூல்களில்தான் மரத்தின் பெயராக வருகிறது. சமஸ்கிருதத்துக்குள்ளேயே அதற்கு ஒரு நல்ல வேர் காட்ட முடிவதில்லை. இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மற்ற மொழிகளிலும் பழைய உறவுச் சொல் கிடையாது. ஆகவே அது கடன் வாங்கிய சொல் என்றே பெரும்பாலான மொழியியலாளர்கள் கொள்கிறார்கள். கொடுத்தது திராவிட மொழிகளில் ஒன்று என்பது பலரும் ஏற்கும் கருத்து. தமிழில் நாரத்தை, நாரத்தம், நார்த்தங்காய். மலையாளத்தில் நாரங்ங, அங்கே அது எலுமிச்சை இனத்துக்கே பொதுப்பெயர். தெலுங்கில் நாரிஞ்ச. சிங்களத்தில் மாண்டரின் ஆரஞ்சை ‘நாரங்’ என்பார்கள்.

எனக்கு இவற்றில் வலுவான சான்றாகப் படுவது மலையாளச் சொல்லின் உருவம். மாங்காய் அங்கே மாங்ங. தேங்காய் அங்கே தேங்ங. அப்படியானால் நாரங்ங என்பது நாரங்காய். நாரம் என்ற மரத்தின் காய். சமஸ்கிருத ‘நாரங்க’ என்பதில் அந்த ‘ங்க’ எதற்கு என்ற கேள்விக்கு இதில் சுலபமான விடை கிடைக்கிறது: நம் ‘காய்’ அதற்குள் புதைந்து கிடக்கிறது. இதேபோல் மாங்காயும் மலாய் வழியாகவும் போர்ச்சுகீசிய வழியாகவும் போய் ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனபோது, ‘காய்’ அதோடு சேர்ந்தே போயிற்று. இஞ்சியையும் சேர்த்துக்கொள்ளலாம், ‘இஞ்சிவேர்’ கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ ஆகி, இன்று ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’. உங்கள் மலையில் விளையும் பொருள்களை ஒரு கூடையில் போட்டால் அதில் பாதிக்கு ஆங்கிலப் பெயர் போனது இந்தக் கரையிலிருந்துதான்.

‘நாரம்’ என்பதற்கு என்ன பொருள்? இங்கேதான் ஆசை நம்மை இழுத்துக்கொண்டு போகும். ‘நறு’ என்றால் மணம். ‘நாறுதல்’ பழந்தமிழில் மணம் வீசுதல், நாற்றம் என்பதும் நல்ல வாசனைதான், பிற்காலத்தில்தான் அந்தச் சொல் கெட்டுப்போயிற்று. மணமுள்ள காய் நாறுங்காய், அதுவே நாரங்காய் என்று பல புத்தகங்களில் பார்க்கலாம். அழகான விளக்கம். ஆனால் ஒரு தடை: நாறுவதில் உள்ளது வல்லின ‘ற’, நாரத்தையில் உள்ளது இடையின ‘ர’. இன்று நம் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கலாம். பழந்தமிழில் அவை தெளிவாக வேறுவேறு ஒலிகள். காலையும் காளையையும் ஒன்றாக்க முடியாததுபோல் இவற்றையும் சும்மா இணைத்துவிட முடியாது.

அந்த வழியைவிட நான் நம்புவது சங்க இலக்கியத்தில் உள்ள ‘நரந்தம்’ என்ற சொல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், மலைப்பெண்கள் பறித்துக் குவிக்கும் 99 பூக்களின் பட்டியலில் நரந்தமும் ஒன்று. அதற்கு நாரத்தம்பூ என்று உரை வழங்குகிறது. புறநானூற்றிலோ இமயத்துக் கவரிமா மேயும் மணமுள்ள புல்லுக்கு நரந்தை என்று பெயர். பூவுக்கும் புல்லுக்கும் பொதுவானது மணம் ஒன்றுதான். இதில் இருப்பது சரியான ‘ர’. நரந்தம், நாரத்தம் இரண்டும் ஒரு குடும்பம் என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆக, மணத்தால் பெயர் பெற்ற மரம் என்ற கருத்து நிற்கிறது, அதற்குக் காட்டும் வழி வேறு. உங்கள் மகன் ‘நறு’வை எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு நரந்தத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழாசிரியர் மகிழ்வார்.

யானைக் கதைக்கு அதிக இடம் தரமாட்டேன். சமஸ்கிருதத்தில் ‘நாகரங்கம்’ என்ற வடிவமும் உண்டு. ‘நாக’ என்பதற்குப் பாம்பு, யானை என்று பொருள் இருப்பதால், யானை ஒன்று அளவில்லாமல் தின்று வயிறு வெடித்துச் செத்தது, அந்த இடத்தில் மரம் முளைத்தது என்று பின்னால் வந்த யாரோ சொல்லைப் பிரித்துப் பார்த்துக் கதை கட்டினார்கள். பொருள் விளங்காத கடன்சொல்லைத் தெரிந்த சொற்களாக உடைத்துப் பொருள் காண்பது எல்லா மொழியிலும் நடக்கும். பிரெஞ்சுக்காரன் தங்கத்தைப் பார்த்தான், இங்கே யானையைப் பார்த்தார்கள்.

பழம் நம்முடையதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இதைச் சொல்ல நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. எலுமிச்சை இனத்து மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான பெரிய ஆய்வு, இந்த இனம் முழுவதும் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், அசாமும் வட பர்மாவும் சீனத்து யூனானும் சேரும் பகுதியில், சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைவிடத் தொடங்கியதாகக் காட்டுகிறது. இனிப்பு ஆரஞ்சும் புளிப்பு ஆரஞ்சும் பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து பிறந்த கலப்பினங்கள். மரம் வடகிழக்கிலிருந்து வந்தது. பெயர் தெற்கே கிடைத்தது. இரண்டும் சேர்ந்து மேற்கே கப்பல் ஏறின. மரத்தின் ஊரும் சொல்லின் ஊரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்த வாதங்களில் பாதி கிளம்புகின்றன. உங்கள் சில்வர் ஓக்கில் ஏறும் மிளகையே பாருங்கள். மிளகு நம் மேற்கு மலைகளின் சொந்தக் கொடி. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குள்ள ‘பெப்பர்’ என்ற பெயர் மிளகின் பெயரே அல்ல, ‘பிப்பலி’ என்ற திப்பிலியின் பெயர். மேற்கே முதலில் பேர்பெற்ற திப்பிலியின் பெயர், பின்னால் மிகுதியாகப் போன மிளகின் மேல் ஒட்டிக்கொண்டது.

சேர்வராயன் மலையில் ஆரஞ்சு வந்த விதமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தம் கிரேஞ்ச் தோட்டத்தில் காபியோடு ஆரஞ்சு, பேரி, ஆப்பிள் எல்லாம் வைத்துப் பார்த்தார் என்பது ஏற்காட்டில் பலரும் அறிந்த செய்தி. அவர் அதை எந்தப் பெயரால் கூப்பிட்டாரோ அந்தப் பெயர்தான் தோட்டக் கணக்குகளில் ஏறியிருக்கும், சந்தைக்கும் இறங்கியிருக்கும். நாம் ஏன் ‘ஆரஞ்சு’ என்கிறோம் என்பதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது. புதுப் பழம் புது வியாபாரியோடு வந்தது, அவன் சொன்ன பெயரோடு வந்தது. பழைய பெயரை நாம் தொலைக்கவில்லை. அது நார்த்தங்காயில் ஏற்கெனவே குடியிருந்ததால் புதியவனுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் கிச்சிலிப்பழம் என்றார்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் தோடம்பழம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போய் ஆரஞ்சு என்று கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் வீட்டுப் பேச்சில் தோடம்பழம்தான்.

அதற்காக இனிமேல் ‘நாரங்கம்’ என்று எழுத வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஆரஞ்சு தமிழில் நன்றாக வேர்பிடித்துவிட்ட சொல்; தமிழ் எழுத்துக்குள் உறுத்தாமல் உட்காருகிறது, ‘ஆரஞ்சுச் சுளை’ என்று ஒற்று மிகுந்து புணரவும் செய்கிறது. மாறாக, கிச்சிலியும் தோடையும் அழியாமல் பார்த்துக்கொள்வது அவசரமான வேலை. அவை பேசுவோரின் வாயில் மட்டும் வாழும் சொற்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வரி. ஆங்கிலத்தில் இது முதலில் பழத்தின் பெயர். நிறத்தின் பெயரானது 16ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை மஞ்சள் சிவப்பு என்று சேர்த்துச் சொல்லிச் சமாளித்தார்கள். நெதர்லாந்து அரச குடும்பத்தின் ‘ஆரஞ்ச்’ மட்டும் வேறு சொல். தெற்கு பிரான்சில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. ரோமானியர் காலத்தில் ‘அராவுசியோ’. ஒலி ஒன்றானதால் அவர்கள் பழத்தின் நிறத்தையே குடும்ப நிறமாக்கிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஆறு அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கியது, அதற்கும் நாரத்தைக்கும் உறவில்லை. பையன் கட்டுரையில் அதைச் சேர்த்துவிடப் போகிறான்.

அவனுக்கு இன்னும் நல்ல செய்தி ஒன்று தருகிறேன். உங்கள் காபிக்கு நடுவே காய்ப்பது, தோல் தளர்ந்து கையாலேயே உரிந்துவரும் வகை. தோட்டக்கலைத் துறையினர் அதை மாண்டரின் ஆரஞ்சு என்பார்கள். ‘மாண்டரின்’ என்றால் சீனத்து அரசு அதிகாரி. அவர்களுடைய அங்கியின் நிறத்தால் பழத்துக்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் அதிகாரிக்கு அந்தப் பெயர் சீனத்திலிருந்து வரவில்லை. போர்ச்சுகீசியர் மலாய்க்காரர்களிடம் கேட்ட சொல் அது, மலாயில் ‘மெந்தெரி’. மலாய் அதை எடுத்தது சமஸ்கிருத ‘மந்த்ரின்’ என்பதிலிருந்து. நாம் தினமும் செய்தித்தாளில் படிக்கும் ‘மந்திரி’ அதே சொல். மாண்டரின் ஆரஞ்சு என்ற இரண்டு சொல்லும், ஒன்று கிழக்கே மலாய் வழியாகவும் மற்றது மேற்கே அரபு வழியாகவும், இந்தியாவிலிருந்து கிளம்பிப் போய் ஐரோப்பாவில் சந்தித்துக் கைகோத்தவை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களில், வேலியோரத்தில் தானாக வளரும் புளிப்பு வகை மரங்கள் இருந்தால், வயதானவர்கள் அவற்றை என்ன பெயரால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நார்த்தை, நாரத்தை, கிச்சிலி, கொழுமிச்சை என்று எதுவாக இருந்தாலும் அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். காயின் தோல் தடிப்பா, இலைக்காம்பில் சிறகு உண்டா, ஊறுகாய்க்கா மருந்துக்கா என்பதையும் சேர்த்துக் குறித்தால், எந்தப் பெயர் எந்த மரத்துக்கு உரியது என்று அடையாளம் காண வசதியாக இருக்கும்.